அறிவியல் முறையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

ஐந்தாம் வகுப்புக்கு என்று கேட்டிருக்கிறீர்கள், அப்படியென்றால் ஊசல்தான் என் தேர்வு. ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கல்லின் எடையைக் கூட்டினால் ஊசல் வேகமாக ஆடுமா என்று முதலில் கேளுங்கள், பிள்ளைகள் என்ன சொன்னாலும் திருத்தாமல் அப்படியே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். அப்புறம் லேசாக ஆட்டிவிட்டு, பத்து அலைவுக்கான நேரத்தை அவர்களே அளக்கட்டும் (கல் ஒரு தடவை போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு). சின்னக் கல்லோ பெரிய கல்லோ, சுமார் 20 வினாடிதான் வரும்! நூலை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் 10 வினாடி. நீளத்தை மட்டும் கல்லின் நடுப்பகுதி வரை அளக்கச் சொல்லுங்கள். ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது: ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், கல்லையும் நூலையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தேகப்படுகிற பிள்ளை இருந்தால் அடுத்த தடவை அளக்கிற வேலையை அவளிடமே கொடுங்கள்.