பாவித்த வோட்டர்மேக்கரைப் படகுக்கு எடுக்குமுன்: கேள்வி-பதில்

வோட்டர்மேக்கர், அதாவது கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் பற்றிச் சில மாதங்களாகவே கேள்விகள் வருகின்றன. புதியதின் விலை பெரும்பாலான சம்மாட்டிமாருக்கு எட்டாது. ஆகவே எல்லோருடைய கண்ணும் பாவித்த இயந்திரத்தில்தான் இருக்கிறது. அதில் தவறில்லை. சரியாகப் பார்த்து எடுத்தால் பழைய இயந்திரம் பல காலம் உழைக்கும். ஆனால் இது ஓடித் தேய்வதைவிட, நீர் மாற்றாமல் சும்மா கிடந்து கெடுவதே அதிகம். கீழேயுள்ள பதில்களை அந்த எண்ணத்தோடு வாசியுங்கள்.

எங்கள் பலநாள் படகுக்கு ஒரு வோட்டர்மேக்கர் விலைக்கு வந்திருக்கிறது. மூன்று வருடமாகக் கொட்டகையில் கிடந்ததாம். "நன்றாக ஓடும்" என்று விற்பவர் சொல்கிறார். எதைப் பார்த்து வாங்குவது? (முல்லைத்தீவு)

எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்காதீர்கள். கடைசியாக நிறுத்தியபோது உள்ளே என்ன விட்டு நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். "மெற்றாபைசல்பைற்றுக் கரைசல் (உள்ளே அழுகாமல் காக்கும் மருந்து) விட்டு மூடினோம்" என்றால் அந்த ஆளுக்கு விஷயம் தெரியும். "அப்படியே நிறுத்தினோம்" என்றால், கடல்நீர் உள்ளேயே அழுகிக் கிடந்திருக்கிறது என்று பொருள். முன்வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றி மணந்து பாருங்கள். கூழ்முட்டை நாற்றம் அடித்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை.

மூன்று வருடம் கிடந்த மெம்பிரேன் (நீரை விட்டு உப்பைத் தடுக்கும் மென்படலச் சுருள்) செத்துவிட்டது என்று வைத்தே விலை பேசுங்கள். அது பெரிய இழப்பல்ல. சிறிய இயந்திரங்களில் பெரும்பாலும் 2.5 அங்குல விட்டமும் 21 அல்லது 40 அங்குல நீளமும் உள்ள மெம்பிரேன்தான் இருக்கும். இந்த அளவைப் பல கம்பனிகள் செய்கின்றன, ஒன்றுக்குப் பதில் மற்றது பொருந்தும். தனக்கென்று வேறு அளவு வைத்திருக்கும் இயந்திரம் என்றால் யோசியுங்கள்.

நீங்கள் உண்மையில் காசு கொடுப்பது உயரமுக்கப் பம்பிக்குத்தான். ஒயில் மூடியைத் திறந்து விரலில் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் சீல் வழியாக நீர் உள்ளே இறங்கியிருக்கிறது, பேரிங்குகளும் போயிருக்கலாம். அடுத்து பம்பியின் தலையைக் கழற்றி, வெள்ளைச் செராமிக் பிளஞ்சர்கள் (நீரைத் தள்ளும் தண்டுகள்) மூன்றின் மேலும் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் எங்காவது தடக்கினால் கீறல் உண்டு. அந்தக் கீறல் புதுச் சீலையும் தின்றுவிடும். தலை பித்தளையா என்றும் பாருங்கள். வாகனம் கழுவும் இயந்திரத்தின் பித்தளைப் பம்பியைப் பூட்டி, "மரீன்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். கடல்நீரில் பித்தளையிலுள்ள நாகம் (சிங்க்) கரைந்து, உலோகம் பொருக்காகிவிடும். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது நிக்கல் அலுமினிய வெண்கலம் என்றால் நம்பலாம். கடைசியாக, பம்பியின் தகட்டிலுள்ள இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்து, அதற்குச் சீல், வால்வுத் தொகுதி இன்னும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதற்குப் பிறகு முற்பணம் கொடுத்தால் போதும்.

எங்கள் ஊர் ஆர்.ஓ. (மெம்பிரேன் வழியாக நீரை அமுக்கிச் சுத்திகரிக்கும்) குடிநீர் நிலையத்தில் கழற்றிப் போட்ட மெம்பிரேனும் வெள்ளைக் குழாய்களும் சும்மா கிடக்கின்றன. சின்னப் பம்பி ஒன்றை வாங்கிச் சேர்த்தால் படகுக்குப் போதாதா? (வவுனியா)

போதாது, ஐயா. இதை மட்டும் செய்யவே வேண்டாம். உயிர் ஆபத்து உண்டு.

கிணற்று நீரிலுள்ள கல்சியத்தையும் புளோரைட்டையும் எடுக்கும் ஊர் நிலையங்கள் ஏறக்குறைய 10 முதல் 15 பார் அமுக்கத்தில் வேலை செய்கின்றன. அவற்றில் மெம்பிரேனை உள்ளே வைத்திருக்கும் குழாய்கள் பெரும்பாலும் 300 பி.எஸ்.ஐ. தாங்கக் கட்டியவை. அது சுமார் 20 பார். கடல்நீர் வேறு கதை. ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு நீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும் விசையே சுமார் 27 பார். அதைத் தாண்டும்வரை ஒரு துளி நன்னீரும் மறுபக்கம் வராது. பயன்படும் அளவுக்கு நீர் வர 55 பார், அதாவது 800 பி.எஸ்.ஐ. வரை ஏற்ற வேண்டும். 20 பாருக்குக் கட்டிய குழாயில் 55 பாரை ஏற்றினால், அதன் மூடி தெறித்துப் பறக்கும். படகில் அதற்கு எதிரே நிற்பவர் விலகப் போக்கிடம் இருக்காது.

மெம்பிரேனும் உதவாது. கிணற்று நீருக்கான மெம்பிரேன் கடலுப்பைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமானது அல்ல. அந்த நிலையத்திலிருந்து எடுக்கக்கூடியவை முன்வடிகட்டிக் கிண்ணங்கள், 5 மைக்ரோன் வடிகட்டிகள், ரி.டி.எஸ். மீற்றர் (நீரில் கரைந்துள்ள உப்பை அளப்பது). அவற்றைவிடப் பெறுமதியானவர் அங்கே வேலை செய்கிறவர். மெம்பிரேன் கழுவத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார். அவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

பாவித்த கடல்நீர்க் குழாயையும் சோதிக்காமல் நம்ப வேண்டாம். வெளிப்புறம் நார் வெளுத்துப் பிரிந்திருந்தால், அல்லது மூடியைப் பிடிக்கும் வளையத்தின் காடி அரித்திருந்தால் கழித்துவிடுங்கள். முதன்முதலில் ஓட்டும்போது அமுக்க வால்வை முழுக்கத் திறந்து வைத்து, குமிழி வருவது நின்றபின் மெல்ல மெல்ல முடுக்குங்கள். காற்று அடைபட்ட குழாய்தான் வெடித்துச் சிதறும்.

காய்ந்துபோன மெம்பிரேனை உயிர்ப்பிக்க முடியுமா? (நாச்சிக்குடா)

ஒருமுறை நனைந்த மெம்பிரேன் முற்றாகக் காய்ந்தால் நீரை விடாது. எதனோலும் நீரும் சம அளவு கலந்து 15 நிமிடம் ஊற வைத்தால் சில வேளை திரும்பும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் வேறு பொருட்களும் கலந்திருக்கும், அது வேண்டாம். திரும்பாவிட்டால் அதன் பின்னால் அலையாதீர்கள்.

காயாமல் அழுக்கேறியது என்றால் கழுவிப் பார்ப்பது நியாயம். வரிசை முக்கியம்: முதலில் காரம், பிறகு அமிலம். பாசியும் சளியும் காரத்தில் கழன்று வரும். அமிலத்தை முதலில் விட்டால் அவை இறுகி ஒட்டிக்கொள்ளும். குளோரின் இல்லாத நன்னீரில், லீற்றருக்கு 1 கிராமுக்குள், பி.எச். பார்த்தபடி கோஸ்ரிக் சோடா. சோடாவை நீருக்குள் போடுங்கள், அதன்மேல் நீரை ஊற்றாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பி.எச். 12ஐத் தாண்டக் கூடாது, சூடு 35 பாகையைத் தாண்டக் கூடாது. நமது வெயிலில் தகரத்தின் கீழே வைத்த வாளி அதைச் சுலபமாகத் தாண்டும். ஆகவே விடியற்காலையில் செய்யுங்கள். அமுக்க வால்வை முழுக்கத் திறந்து, சிறிய பிளாஸ்ரிக் பம்பியால் அரை மணி நேரம் சுற்றவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி சுற்றவிடுங்கள். வெளிவரும் நீர் தேயிலைச் சாயம் போல இருந்தால் வேலை நடக்கிறது. நன்னீரால் நன்றாக அலசியபின், லீற்றருக்கு 20 கிராம் சித்திரிக் அமிலம் கலந்து அதேபோலச் செய்யுங்கள். துருவும் சுண்ணாம்பும் அதில் போகும்.

இரண்டுக்கும் பிறகு ஓட்டி, ரி.டி.எஸ். அளவிடுங்கள். நல்ல மெம்பிரேன் கடல்நீரிலிருந்து 200 முதல் 400 வரை (லீற்றருக்கு மில்லிகிராம்) தரும். 600க்குக் கீழே இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 1,000ஐத் தாண்டினால் வாயே சொல்லிவிடும். மருந்து விட்டு ஓட்டும் முதல் ஒரு மணி நேரத்து நீரையாவது கடலில் விடுங்கள், வயிற்றுக்குள் அல்ல.

நிறுத்தும்போது கிணற்று நீரால் கழுவலாமா? (அளம்பில்)

குளோரின் போடாத கிணறு என்றால், 5 மைக்ரோன் வடிகட்டி வழியாகக் கழுவலாம். மாரி வெள்ளம் வடிந்தபின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் போட்டுவிட்டுப் போன கிணறு மனிதருக்கு நல்லது, மெம்பிரேனுக்கு நஞ்சு. லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேற்பட்ட குளோரின் தொடர்ந்து பட்டால் மென்படலம் சிதைந்துவிடும். பிறகு எந்த மருந்தாலும் அதை மீட்க முடியாது. குழாய்நீருக்கும் இதுவே. வழியில்லாவிட்டால் கரி வடிகட்டி ஒன்றை இடையில் பூட்டுங்கள்.

இயந்திரம் தரும் நீரிலேயே ஒரு கான் எடுத்துத் தனியே வைத்து, அதனால் கழுவுவதே மிகச் சிறந்தது. படகின் தாங்கியில் கிருமி வராமலிருக்கக் குளோரின் சேர்ப்பீர்கள், அது சரிதான். அந்தத் தாங்கி நீர் மட்டும் இயந்திரத்துக்குத் திரும்பக் கூடாது. நமது சூட்டில் ஐந்து நாளுக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். வாடைக்காற்றில் படகு வாரக்கணக்கில் கரையேறி நிற்கும் என்றால், லீற்றருக்கு 10 கிராம் உணவுத் தரச் சோடியம் மெற்றாபைசல்பைற்றுக் கரைத்து நிரப்பி மூடுங்கள். கரைக்கும்போது காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள், மூக்கை எரிக்கும். மாதம் ஒருமுறை பி.எச். பாருங்கள். 3க்குக் கீழே இறங்கினால் கரைசலை மாற்றுங்கள்.

கனடாவிலிருந்து மச்சான் ஒரு பாவித்த இயந்திரம் அனுப்பப் போகிறார். இங்கே ஓடுமா? (கிளிநொச்சி)

12 வோல்ட் பற்றரியில் ஓடுவது என்றால் ஓடும். 115 வோல்ட் மோட்டார் என்றால் அனுப்புமுன் மோட்டாரைக் கழற்றி அங்கேயே விடச் சொல்லுங்கள், கூலியாவது மிஞ்சும். ட்ரான்ஸ்போமர் வைத்து வோல்ட்டைச் சரிசெய்யலாம். ஆனால் அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுழலும், அதோடு சூடேறும். 230 வோல்ட் மோட்டாரை இங்கேயே வாங்கிப் பூட்டுங்கள். பெல்ட்டில் ஓடும் பம்பி என்றால், மோட்டார்ப் பக்கக் கப்பியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்கினால் பம்பிக்குப் பழைய வேகம் கிடைக்கும். எந்த லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள்.

18 அடிப் பிளாஸ்ரிக் படகுக்கு ஒன்று பூட்டலாமா? (சிலாவத்துறை)

இரவு போய்க் காலையில் கரை திரும்பும் படகுக்குத் தேவையில்லை. கானில் நீர் கொண்டுபோங்கள், அந்தக் காசை உயிர்காப்பு அங்கிக்குச் செலவிடுங்கள். தீவில் வாடி போட்டுத் தங்குபவர் என்றால் சிறியதொன்று உதவும். கட்டாடின் பவர்சவைவர் 40ஈ போன்றவை 12 வோல்ட்டில் 4 அம்பியர் எடுத்து மணிக்கு 5.7 லீற்றர் தருகின்றன. பத்து மணி நேரத்துக்கு 57 லீற்றர். ஒரு சூரியத் தகடும் நல்ல பற்றரியும் அதைத் தாங்கும்.

களப்புக்குள் நிற்கும்போது ஓட்டலாமா? (கொக்கிளாய்)

கூடாது. சேறு வடிகட்டியை உடனே அடைக்கும், இறங்குதுறையில் மிதக்கும் டீசல் மெம்பிரேனைக் கெடுக்கும். மாரியில் ஆற்றுநீர் கலந்து உப்புக் குறைந்திருக்கும்போது வழமையான அமுக்கத்தை ஏற்றினால், மெம்பிரேனின் அளவுக்கு மீறி நீர் பாய்ந்து அது சீக்கிரம் அடைபடும். வெளிக்கடலுக்குப் போய் ஓட்டுங்கள்.

புது மெம்பிரேன் பூட்டியும் உப்புக் கரிக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? (முள்ளிவாய்க்கால்)

அவசரப்பட்டு அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். குழாயைத் திறந்து, மெம்பிரேனின் நடுக்குழாயில் செருகும் சிறிய ஓ-றிங்குகளை (றப்பர் வளையங்களை) எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, சுற்றி வளைத்துப் பாருங்கள். பூட்டும்போது விளிம்பில் பட்டு மயிரிழை அளவு வெட்டுண்டிருந்தாலும் போதும், 55 பாரில் கடல்நீர் அதன் வழியே நன்னீருக்குள் பீறிடும். புதியதைச் சிலிக்கன் கிறீஸ் அல்லது கிளிசரின் தடவிப் பூட்டுங்கள். வாஸ்லினும் எஞ்சின் கிறீஸும் றப்பரை ஊதவைக்கும். மெம்பிரேனின் வெளிவிளிம்பில் உள்ள கிண்ண வடிவ றப்பர், நீர் நுழையும் முனையில் இருக்க வேண்டும், அதன் வாய் வரும் நீரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தும் கரித்தால், அப்போது விற்றவரைக் கூப்பிடுங்கள்.