மாமியார் நடிக்கவில்லை

"என் மாமியார் ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணக் கதையை அப்படியே சொல்கிறார். காலையில் சாப்பிட்டது மட்டும் ஞாபகமில்லை என்கிறார். வேண்டுமென்றே செய்கிறாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. இதே சந்தேகத்தில் நான் என் அம்மாவை ஒரு வருடம் படுத்தியிருக்கிறேன்.

இத்தனைக்கும் நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்துகிறவன். ஒருநாள் சாயங்காலம் அம்மா பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், வாழைநாரில் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. விரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஆனால் முழத்துக்கு ஒரு தடவை, "யாருக்குடா இந்தப் பூ?" என்று கேட்டார். நான்காவது தடவை கத்திவிட்டேன். கட்டிய சரத்தை மடியில் வைத்துக்கொண்டு, தான் என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் என்னைப் பார்த்தார்.

நரம்புச் செல்கள் சேதி மாற்றிக்கொள்ளும் சந்திக்கு சினாப்ஸ் என்று பெயர். மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இந்தச் சந்திகள் எளிதில் வலுப்படும். முயலின் மூளையில் சில விநாடிகள் வேகமாக மின்துடிப்பு கொடுத்தால் அவை மணிக்கணக்கில் வலுவாகவே இருப்பதை பிளிஸ், லோமோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1973-இல் வெளியிட்டார்கள். சேதி வாங்கும் செல்லில் என்எம்டிஏ என்ற வாசலை மக்னீசியம் அடைத்திருக்கும். சேதி வருவதும் அந்தச் செல் கிளர்ந்திருப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் அடைப்பு விலகி கால்சியம் உள்ளே போகும், சந்தி வலுக்கும். புது ஞாபகம் பதிய இது முக்கியமான வழி. அல்சைமர் என்ற மறதி நோய் ஆரம்பத்திலேயே கைவைப்பது ஹிப்போகாம்பஸிலும் அதை ஒட்டிய பகுதியிலும்தான். பழைய கதைகள் பெரும்பாலும் மூளையின் மேற்புறணியில் எப்போதோ ஊன்றிவிட்டவை. கைப்பழக்கத்துக்கு வேறு பாதை.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசனுக்கு 1953-இல் வலிப்புக்காக இருபக்க ஹிப்போகாம்பஸிலும் ஒரு பெரிய பகுதியை எடுத்துவிட்டார்கள். கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் முந்தின நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகமில்லை. எங்கள் வீட்டுப் பூவும் அதுதான். பாடத்தில் சொல்லிக்கொடுத்தவனுக்கு வீட்டில் தெரியவில்லை.

நான் டாக்டர் இல்லை. மறதியெல்லாம் அல்சைமர் என்றும் சொல்லவில்லை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வாலும் மறதி வரும், அவற்றுக்கு மருந்து உண்டு. முதலில் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அப்புறம், ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் வாசலிலேயே, "நான் யாரு, சொல்லு பார்க்கலாம்?" என்று ஆரம்பிக்கிறார்கள். அம்மா என் முகத்தைப் பார்ப்பார். எதற்கு இந்தப் பரீட்சை? "சித்தி, நான் உங்க அக்கா மகன் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் என்ன? உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடமாவது இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.