குரோம் பம்பரா, ரப்பர் பம்பரா: எம்ஜிபி வாங்கும் முன்

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு ரோட்ஸ்டர் (நிலையான கூரை இல்லாத மாடல்) வாங்க வேண்டும் என்பது பல வருட ஆசை. இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1971 மாடல், குரோம் பம்பர், பளபளக்கும் புது சிவப்பு பெயின்ட், ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) இல்லை. இன்னொன்று 1978 மாடல், கறுப்பு ரப்பர் பம்பர், பெயின்ட் மங்கியிருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு கோப்பு நிறைய பில்களும், வெல்டிங் வேலை நடந்தபோது எடுத்த படங்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் விலை ஏறத்தாழ ஒன்றுதான். 'குரோம் பம்பர்தான் உண்மையான எம்ஜிபி, ரப்பரைத் தொடாதே' என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வார இறுதியில் ஓட்டுவேன், வருடத்துக்கு ஒரு முறை நீண்ட பயணம் போவேன். சின்ன வேலைகளை நானே பார்த்துக்கொள்வேன், வெல்டிங் தெரியாது. எதை வாங்கலாம்?

பதில்: 1978 வண்டியை முதலில் போய்ப் பாருங்கள். கீழே சொல்லும் சோதனைகளில் அது தேறினால் அதையே வாங்குங்கள். உங்கள் நண்பர்கள் சொல்வது முழுத் தவறு இல்லை. ஆனால் அவர்கள் பம்பரைப் பார்க்கிறார்கள், நீங்கள் கதவுக்குக் கீழே பார்க்க வேண்டும்.

முதலில் இந்தக் குரோம், ரப்பர் வழக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எம்ஜிபி 1962-ல் வந்தது. ஆபிங்டன் தொழிற்சாலையில் 1980 அக்டோபர் வரை, 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். விற்பனையில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனது. அங்கே பம்பர் இத்தனை உயரத்தில் இருக்க வேண்டும், மெதுவான மோதலைத் தாங்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, ஏற்கெனவே வயதாகிவிட்ட ஒரு காரைப் புதிதாக வடிவமைக்க நிறுவனத்திடம் பணம் இல்லை. 1974 இலையுதிர் காலத்தில் கனமான கறுப்பு பம்பரை மாட்டி, வண்டியைச் சுமார் ஒன்றரை அங்குலம் உயர்த்திவிட்டார்கள். கூடவே, ரோட்ஸ்டரில் முன்பக்க ஆன்டி ரோல் பாரையும், அதாவது வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியையும், எடுத்துவிட்டார்கள். உயரமான வண்டி, சாய்வைத் தடுக்க எதுவும் இல்லை. வளைவில் திருப்பினால் படகு போல ஒரு பக்கம் சாயும். 'ரப்பர் பம்பர் ஓட்ட லாயக்கில்லை' என்ற பேச்சு அந்த ஒன்றரை, இரண்டு வருடத்து வண்டிகளால் வந்தது.

1976 கோடைக்குப் பிறகு வந்தவை வேறு வண்டிகள். முன்னால் கனமான ஆன்டி ரோல் பார் திரும்பி வந்தது, பின்னாலும் ஒன்று சேர்ந்தது. ரேடியேட்டரை முன்னே தள்ளி மின்விசிறி வைத்தார்கள், டிராஃபிக்கில் சூடாவது குறைந்தது. டேஷ்போர்டு மாறியது. ஸ்டீயரிங் விகிதத்தையும் மாற்றினார்கள்: பழையதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 2.9 சுற்று, புதியதில் 3.5. பார்க்கிங்கில் கை வலிக்காது. மலைப்பாதையில் பழைய ஸ்டீயரிங் தரும் கூர்மை இதில் இல்லை என்பதும் உண்மை. நீங்கள் பார்த்த 1978 இந்தக் கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்தது. உங்கள் இரண்டாவது வண்டி 1975 மாடலாக இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

உயரம் உறுத்தினால் குறைக்கலாம். முன்னால் குட்டையான ஸ்பிரிங், பின்னால் கட்டைகளோ வேறு பட்டைகளோ போட்டு இறக்குவது இங்கே எல்லா எம்ஜி மெக்கானிக்குகளுக்கும் பழகின வேலை. அழகுக்காகக் குரோம் பம்பராகவே மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் நிதானியுங்கள். குரோம் வண்டியில் முன் இண்டிகேட்டர் இறக்கையில் (சக்கரத்தை மூடும் பாடித் தகட்டில்) இருக்கும், ரப்பர் வண்டியில் பம்பரிலேயே இருக்கும். பின் இறக்கையின் கீழ்ப்பகுதி வடிவமும் வேறு. ஆக அது போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலை அல்ல, வெட்டி ஒட்டும் வேலை.

இஞ்சின் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டிலும் அதே 1798 சிசி இஞ்சின்தான். 1964 கடைசியில் இஞ்சினின் சுழல் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் மூன்றிலிருந்து ஐந்தாயின. உங்கள் இரண்டு வண்டியும் அதற்குப் பிந்தியவை. 1967 கடைசியில் எல்லா முன் கியர்களுக்கும் சின்க்ரோமெஷ் (கியரை உரசாமல் மாற்ற உதவும் அமைப்பு) வந்தது, டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. அதிலும் இரண்டும் சமம். அமெரிக்காவுக்குப் போன பிற்கால வண்டிகளில் மட்டும் புகைச் சட்டத்துக்காக ஒற்றை கார்புரேட்டர் போட்டு மூச்சைத் திணறடித்திருப்பார்கள். பிரிட்டனில் விற்றவை கடைசிவரை இரட்டை எஸ்யூ கார்புரேட்டரோடுதான் வந்தன. 1978 வண்டி இடது பக்க ஸ்டீயரிங்கோடு திரும்ப வந்த அமெரிக்க வண்டியா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நல்லதும் உண்டு. கலிபோர்னியா போன்ற வறண்ட ஊரிலிருந்து வந்ததென்றால் துரு குறைவாக இருக்கும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எம்ஜிபிக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. அதற்கு முந்தைய எம்ஜிஏவில் இருந்தது. இதில் பாடியேதான் எலும்பு. கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன் பாதியையும் பின் பாதியையும் சேர்த்துப் பிடிப்பது, கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டிகள். இவற்றை 'சில்' என்பார்கள். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தடுப்புத் தகடு, அடியில் கோட்டைச் சுவர் போல மேடும் பள்ளமுமாக ஒரு பட்டை என்று பல அடுக்குகள். முன் சக்கரம் வாரி இறைக்கும் சேறு இறக்கைக்குப் பின்னால் தேங்கி, அங்கிருந்து துரு உள்ளே போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒழுங்காகச் செய்வதென்றால் முன் இறக்கையின் அடிப்பகுதியை வெட்டித் திறந்து, எல்லா அடுக்கையும் மாற்ற வேண்டும். அவசரத்தில் விற்கிறவர்கள் பழைய தகட்டின் மேலேயே புதிதாக ஒன்றை வைத்து வெல்ட் அடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். உள்ளே அழுகல் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவருக்காக ஒரு எம்ஜிபி பார்க்கப் போனேன். அதுவும் சிவப்பு, அதுவும் புது பெயின்ட். கதவு 'டப்' என்று அழகாக மூடியது. கதவின் பின் விளிம்புக்கும் இறக்கைக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. பின் சக்கரத்துப் பக்கம் ஜாக்கியை வைத்து மெதுவாக ஏற்றினோம். சக்கரம் தரையை விட்டுக் கிளம்புவதற்குள் இடைவெளியின் மேல்பகுதி கண்ணெதிரே சுருங்கியது. இன்னும் இரண்டு சுற்று சுற்றியதும் கதவு மூலை இறக்கையில் உரசி, சிவப்பு பெயின்ட் ஒரு துளி உரிந்து விழுந்தது. கதவைத் திறக்கப் பார்த்தேன், வரவில்லை. வண்டி நடுவில் மடிந்துகொண்டிருந்தது. விற்றவருக்கே அது தெரிந்திருக்கவில்லை, முகம் வாடிப் போனது. நாங்கள் ஜாக்கியை இறக்கிவிட்டுக் கிளம்பினோம்.

இதை நீங்கள் இரண்டு வண்டியிலும் செய்யுங்கள். ஜாக்கி வைக்க விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான். ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சில்லின் நீளம் முழுக்க, கதவுக்குப் பின்னால் பின் இறக்கை வளையும் இடத்தில், முன் இறக்கையின் கீழ் மூலையில் நகர்த்திப் பாருங்கள். பிடிப்பு விடும் இடமெல்லாம் பட்டி. தரை விரிப்பைத் தூக்கி, கால் வைக்கும் தகடு சில்லோடு சேரும் ஓரத்தைப் பாருங்கள். பின் ஸ்பிரிங் பட்டைகள் பாடியில் மாட்டும் இடங்களையும் விட்டுவிடாதீர்கள். 1971 வண்டியில் இருக்கைக்குப் பின்னால் ஒரு மூடி இருக்கும். திறந்தால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் தரைக்குக் கீழே தொங்கும் பெட்டிகளில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பெட்டிகள் ஓட்டையாகாமல் இருந்தால் யாரோ அக்கறையாக வைத்திருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ரப்பர் பம்பர் வண்டியில் ஒற்றைப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதான்.

1978 வண்டியின் வெல்டிங் படங்களை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். படத்தில் இறக்கை திறந்து, உள் அடுக்குகள் மாற்றப்படுவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், மங்கிய பெயின்ட்டுக்காக அந்த வண்டியை விடாதீர்கள். பெயின்ட்டைப் பிறகு அடித்துக்கொள்ளலாம்.

எம்ஓடி, அதாவது பிரிட்டனில் வண்டிகளுக்கு வருடாவருடம் நடக்கும் தகுதிச் சோதனை, பற்றியும் ஒரு வார்த்தை. 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2018 முதல் எம்ஓடி கட்டாயமில்லை. பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்று எல்லா எம்ஜிபிக்கும் அந்த வயது ஆகிவிட்டது. வசதிதான், ஆனால் வருடக்கணக்காக யாரும் அடியில் பார்க்காத வண்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தால் பழைய எம்ஓடி வரலாறு இலவசமாகக் கிடைக்கும். 'சில் அரிப்பு' என்று ஒரு வருடம் எச்சரித்திருந்து, அதற்கு வெல்டிங் பில் எதுவும் இல்லையென்றால் காரணம் கேளுங்கள். விற்கிறவர் சம்மதித்தால் புதிதாக ஒரு எம்ஓடி செய்யச் சொல்லி, அந்தச் செலவை நீங்களே கொடுங்கள். இந்த வேலையில் இதைவிட லாபமான செலவு கிடையாது.

குரோம் வண்டிகளின் விலை உயர்ந்ததற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. 1973-க்கு முன் செய்த வண்டிகளுக்கு மட்டும் சாலை வரி விலக்கு என்று 1997-ல் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு 2014 வரை நகரவில்லை. அதனால் 1971, 1972 வண்டிகளுக்குத் தனி மவுசு. இப்போது விலக்கு 40 வருடக் கணக்கில் தானாக நகர்வதால் உங்கள் இரண்டு வண்டிக்கும் வரி இல்லை. பழைய மவுசு மட்டும் பேச்சில் மிச்சமிருக்கிறது.

அப்புறம் ஓவர்டிரைவ். வருடத்துக்கு ஒரு நீண்ட பயணம் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. மணிக்கு 70 மைல் வேகத்தில், நாலாவது கியரில், ஓவர்டிரைவ் இல்லாத எம்ஜிபியின் இஞ்சின் ஏறத்தாழ 3900 சுற்று சுற்றும். ஓவர்டிரைவ் போட்டால் சுமார் 3200. மூன்று மணி நேரம் மோட்டார்வேயில் உட்கார்ந்து பார்த்தால் அந்த 700 சுற்றின் அருமை காதுக்கும் முதுகுக்கும் தெரியும். 1971-ல் அது கூடுதல் பணம் கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று. பிரிட்டனில் 1975 முதல் எல்லா எம்ஜிபியிலும் வந்தது. பிறகு பொருத்திக்கொள்ளலாம்தான், ஆனால் ஓவர்டிரைவோடு கூடிய முழு கியர்பாக்ஸ் வாங்கி, இஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வெளியே தூக்க வேண்டும். சின்ன வேலை அல்ல. 1978 வண்டியில் அது நாலாவது கியரில் மட்டும் வேலை செய்யும், மூன்றாவதில் வரவில்லை என்று பதற வேண்டாம். போட்டதும் ஒரு நொடிக்குள் சுற்று இறங்க வேண்டும். தயங்கித் தயங்கிப் பிடித்தால் எண்ணெய், சோலனாய்டு, வயரிங் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது இஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50-க்கு மேல் நிற்க வேண்டும், ஐடிலில் 15, 20-க்கு இறங்கினால் தப்பில்லை. முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கூட வந்தவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு). எம்ஜிபி கிங்பின்னுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும், 3000 மைலுக்கு ஒரு முறை. இதை நீங்களே அரை மணி நேரத்தில் செய்யலாம். கம்பிச் சக்கரமாக இருந்தால் உள்ளே இருக்கும் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பெட்ரோல் பற்றி விற்கிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்க, சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வ் சீட் போட்டாயிற்றா? ஈயம் கலந்த பெட்ரோல் போய் இத்தனை வருடத்தில் பெரும்பாலான வண்டிகளில் போட்டிருப்பார்கள், பில் இருந்தால் நிம்மதி. 2021 முதல் இங்கே சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. எத்தனால் குறைந்த இ5 சூப்பரையே ஊற்றுங்கள்.

1971 வண்டி இந்தச் சோதனை எல்லாவற்றிலும் தேறி, 1978 தேறவில்லை என்றால் மனசாட்சி உறுத்தாமல் 1971-ஐ வாங்குங்கள். 1968 முதல் 1974 வரையிலான குரோம் வண்டிகளை எனக்கும் மிகவும் பிடிக்கும். தாழ்வாக நிற்கும் அந்த நிற்பும், அந்த ஸ்டீயரிங்கும் தனிச் சுகம். இரண்டும் தேறாவிட்டால் இரண்டையும் விடுங்கள். எம்ஜிபி அரிதான வண்டி இல்லை, வாராவாரம் ஒன்று விற்பனைக்கு வரும். இரண்டு வண்டியையும் ஒரே நாளில், ஈரமில்லாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மழை பட்ட பெயின்ட் எல்லாமே பளபளக்கும். 1978-ஐ முதலில் பாருங்கள், வெல்டிங் படங்களை அங்கேயே கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமும் வண்டியின் எந்த இடம் என்று சரிபாருங்கள்.