பீடி மேல் பழியைப் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. கரூரில் ஜவுளி வியாபாரம். எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 178. மாத்திரை வேண்டாம் என்றதால் டாக்டர் மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார். செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டோம். தினமும் வெறும் வயிற்றில் பூண்டு. அப்பா 49 வயதில் நெஞ்சுவலியில் இறந்தார். ஆனால் அவர் பீடி பிடிப்பார், அதனால் டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. மாத்திரை இல்லாமல் குறைக்க வேறு என்ன செய்யலாம்?

பதில்: பூண்டு கிடக்கட்டும். அப்பா விஷயத்தை ஏன் மறைத்தீர்கள்? சொன்னால் மாத்திரை எழுதிவிடுவார் என்ற பயம்தானே? பீடி காரணமாகவே இருக்கட்டும். அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்குள் மாரடைப்பு கண்டிருந்தால் மருத்துவர்கள் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. சிலருக்கு அதைக் கழிக்கும் திறன் பிறவியிலேயே குறைவு. அப்படிப்பட்டவரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியதை நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள் என்கிறேன். அந்த மூன்று மாதம் பாதி உண்மைக்குக் கிடைத்த அவகாசம்.

செக்கு எண்ணெய் என்கிறீர்களே, எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிற வகை. செக்கில் ஆட்டினாலும் அது மாறாது. பூண்டை நம்பி இருக்காதீர்கள். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அளவாக, பயறு, கொண்டைக்கடலை, கீரை, ஓட்ஸ், தினமும் அரை மணி நேரம் வேகமான நடை. இதெல்லாம் குறைக்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். கடையில் பதினொரு மணி டீயோடு வருகிற வடையை நீங்கள் எழுதவில்லை. இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்பா போனபோது உங்கள் அம்மாவுக்கு என்ன வயது? மாத்திரை சாப்பிடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற குடும்பத் தலைவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அந்தச் செலவு உங்கள் பொறுப்பு.

அம்மா இருந்தால் இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்தில் உட்காருங்கள். அப்பா வீட்டில் யார் யார், எந்த வயதில், எப்படிப் போனார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று மாதம் காத்திருக்காமல் இந்த வாரமே அந்தத் தாளை டாக்டர் மேஜையில் வையுங்கள்.