பாராசிட்டமால் மாத்திரை தண்ணீரிலும் கலங்குகிறது, எத்தனாலிலும் கலங்குகிறது. எதிலுமே கரையாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தருமபுரியில் பி.எஸ்சி. புராஜெக்ட் என்று போட்டிருக்கிறீர்கள். 50 மில்லி தண்ணீரில் ஒரு 500 மி.கி. மாத்திரை, 50 மில்லி எத்தனாலில் இன்னொன்று. நன்றாகக் கலக்கியிருந்தால் மருந்து இரண்டிலுமே கரைந்திருக்கும். அடியில் படிவது மாத்திரையில் மருந்தோடு சேர்க்கும் துணைப்பொருள்கள்: ஸ்டார்ச், செல்லுலோஸ், டால்க், மெக்னீசியம் ஸ்டியரேட். கலங்கலைப் பார்த்து "கரையவில்லை" என்று ரெக்கார்டில் எழுதிவிடாதீர்கள். வடிகட்டிய பிறகுதான் பேச வேண்டும்.

30 டிகிரியில் 500 மி.கி. மருந்து கரையத் தண்ணீர் சுமார் 29 மில்லி வேண்டும். எத்தனால் 3 மில்லி போதும், அசிட்டோன் 6 மில்லி. குளோரோஃபார்ம் என்றால் 200 மில்லிக்கு மேல், டொலுயீன் ஒன்றரை லிட்டருக்கும் மேல். பாராசிட்டமால் மூலக்கூறில் உள்ள ஓ.எச்., என்.எச். தொகுதிகள் இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்புக்கு, அதாவது பக்கத்து மூலக்கூறை இழுத்துப் பிடிக்க, கை நீட்டும். அந்தக் கையைப் பிடிக்க டொலுயீனிடம் ஒன்றுமில்லை.

வெப்பநிலையைக் கட்டாயம் குறியுங்கள். கொதிநீரில் 20 மில்லிக்கு ஒரு கிராம் கரையும். ஆறினால் பீக்கர் சுவரில் பளபளவென்று படிகம் ஒட்டும். சித்திரை மாத மதியத்தில் எடுத்த அளவும் மார்கழிக் காலையில் எடுத்த அளவும் ஒத்துப்போகாது. மாத்திரை எடையை அப்படியே மருந்தின் எடையாகப் போடுவதும் தப்பு. 20 மாத்திரையை நிறுத்துச் சராசரி எடுத்து, பொடித்து, அந்த விகிதத்தில் கணக்கிடுங்கள். அசிட்டோன் ஆவியாகும், மூடி போட்ட குடுவை வேண்டும், பக்கத்தில் பர்னர் கூடாது. மாத்திரையிலிருந்து மருந்தைப் பிரித்துச் சாப்பிட வழி சொல்கிறேன் என்று நினைத்து யாரும் கிளம்ப வேண்டாம். இது ஆய்வகக் கணக்கு மட்டுமே.

அடுத்து ஆஸ்பிரினை வைத்து இதே சோதனையைச் செய்வதானால் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பைகார்பனேட் ஆஸ்பிரினை உப்பாக்கிக் கூடுதலாகக் கரைக்கும், அளவு பொய்யாகும். கரைசலை அப்படியே வைத்திருந்தால் ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலமாக உடையும். ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டால் ஊதா நிறம் காட்டிக்கொடுக்கும். ஆர்.ஓ. கேன் தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டர் ஆகாது.

தண்ணீர்ப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். போர் தண்ணீரில் அளவு மீறி இருந்து பல்லையும் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும் ஃப்ளூரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. குழாய் வராத நாளில் தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் இன்னும் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், மூட்டு வலித்தால் மாத்திரை வாங்குகிறார்கள். அந்தத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மி.கி.யைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.