வன்னியில் பூசணிக்காயை எப்போது ஆயலாம், எப்படிக் கெடாமல் வைக்கலாம்?

ஊரார் சேர்ந்து செய்யும் தோட்டத்தில் ஆய்ந்து குவித்த பூசணிக்காய் சில வாரத்திலேயே அழுகுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறு காம்பில்தான் இருக்கும்.

முதலில் முற்றலைப் பாருங்கள். காம்பு பச்சை மாறி, தக்கை போலக் காய்ந்து வெடித்திருக்க வேண்டும். நகத்தால் தோலை அழுத்தினால் இறங்கக் கூடாது. நிலத்தில் படிந்த பக்கம் மஞ்சளாகியிருக்கும். இளங்காய் எங்கு வைத்தாலும் நிற்காது.

கையால் முறுக்கிப் பிடுங்காமல், கூரான கத்தியால் இரண்டு மூன்று அங்குலக் காம்போடு வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கவே வேண்டாம். அது கழன்ற இடத்தால்தான் பூஞ்சணம் உள்ளே போகிறது. கழுவவும் கூடாது, மண்ணை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

பிறகு நிழலான, காற்றோட்டமுள்ள கொட்டிலில் பத்து நாள் போல ஆற விடுங்கள். தோல் இறுகி, சிறு கீறல்கள் ஆறிவிடும். ஆழமாக வெட்டுப்பட்டதையும் பழ ஈ குத்தியதையும் உடனே கறிக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

குளிர்நாடுகளில் 10 முதல் 15 பாகை செல்சியசில் வைக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு வெக்கைக்கு அது நடக்காது. சீமெந்துத் தரையில் குவிக்காமல், தடிகளால் தட்டி கட்டி, ஒன்றோடொன்று முட்டாமல் ஒரே வரிசையாக அடுக்குங்கள். பக்கத்தில் வாழைக்குலை பழுக்க வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, மெத்தென்றிருப்பதை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் அவ்வளவு நிற்காது, அதற்கு முன்பே விற்றுவிடப் பாருங்கள்.