குறைந்த கூலிக்குக் குரல் கொடுக்கலாமா?

அன்புள்ள அக்கா,

வீட்டிலிருந்தே குரல் கொடுக்கும் வேலை செய்கிறேன், ஒன்றரை வருடமாக. இப்போது 10 மணி நேர ஒலிப்புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. எடிட் செய்து முடித்த ஒரு மணி நேரத்துக்கு 500 ரூபாய். "உங்களை மாதிரி ஆட்களால்தான் ரேட்டே விழுகிறது" என்று ஒரு சீனியர் திட்டினார். ஒத்துக்கொள்ளலாமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

சீனியரின் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அதை உங்கள் தலையில் இறக்குவது நியாயமில்லை. வாடகை கட்ட வேண்டியவரிடம் போய்த் தொழிலின் மானத்தைக் காப்பாற்று என்று எப்படிச் சொல்வது?

முதலில் கணக்குப் பாருங்கள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடங்கும்வரை காத்திருந்து, 'ழ' சறுக்கிய வரியைத் திரும்பப் படித்து, அப்புறம் ஹெட்போனில் கேட்டு மூச்சுச் சத்தத்தையெல்லாம் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு மணி நேர ஒலிக்கு எனக்கு ஆறு மணி நேரம் பிடிக்கிறது. அப்படியென்றால் 60 மணி நேர உழைப்புக்கு 5,000 ரூபாய். தொண்டை கட்டிக்கொண்டால் அந்த நாளும் போச்சு. இருந்தாலும், முழுப் புத்தகம் படித்துப் பழக ஒரு தடவை செய்யலாம். நானும் செய்தேன். அடுத்த புத்தகத்துக்கு இந்த ரேட் கிடையாது என்று இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை ஒப்பந்தம்தான். அமெரிக்காவில் சூசன் பென்னட் என்ற குரல் கலைஞர் 2005 ஜூலை முழுக்க, தினமும் சில மணி நேரம் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தார். எதற்கு என்றே அவருக்குச் சரியாகத் தெரியாது. படித்த நேரத்துக்குக் கூலி வாங்கினார். 2011இல் ஐபோனில் 'சிரி' (Siri) என்ற குரல் உதவியாளர் பேசியபோது அது அவர் குரல். ஆப்பிளிடமிருந்து அவருக்கு ஒரு காசும் வரவில்லை. இன்று உங்கள் 10 மணி நேரப் பதிவு இருந்தாலே போதும், நீங்கள் படிக்காததையும் உங்கள் குரலில் கம்ப்யூட்டரைப் படிக்க வைத்துவிடலாம்.

ஆகவே ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். பதிவை "எந்த வடிவத்திலும், எக்காலத்துக்கும்" பயன்படுத்தலாம் என்று இருந்தால், இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம், அதை வைத்துச் செயற்கைக் குரல் உருவாக்கக் கூடாது என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்றினால் இந்த ஒரு தடவை 500க்கே படியுங்கள். மாட்டோம் என்றால் மணிக்கு 5,000 கொடுத்தாலும் வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள், நானும் ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன்.